தோட்டத்து லோரிக்குக் கூலிங்கும் பவரும்: எதை முதலில் மாற்றுவது?

மலேசியாவின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஒரு நாளைப் பாருங்கள். தோட்டத்துக்குள் செம்மண் பாதையில் முழுப் பாரத்தோடு முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். ஆலை வாசலில் எடைப்பாலத்துக்கு வரிசை. உள்ளே போனதும் நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கி டிப்பரைத் தூக்க வேண்டும். எஞ்சின் கடுமையாக உழைக்கிற நேரமெல்லாம் லோரி ஊர்ந்துகொண்டோ நின்றுகொண்டோ இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் லோரிக்கு ரேடியேட்டரில் காற்று தானாக வந்து புகும். இங்கே ஃபேன் இழுத்தால்தான் காற்று.

பழைய லோரி ஒன்றை வாங்கித் தோட்ட வேலைக்கு விடுபவர்கள் சீக்கிரமே இரண்டு குறை சொல்வார்கள்: மேட்டில் இழுக்கவில்லை, தண்ணீர் கொதிக்கிறது. உடனே டீசல் பம்ப்பைக் கூட்டி வைக்கச் சொல்வதும் பெரிய ரேடியேட்டர் கேட்பதும் வழக்கம். இரண்டுமே வரிசை தவறிய வேலை. எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக வெளிவருகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சுமப்பது தண்ணீர். பவரைக் கூட்டினால் தண்ணீரின் சுமையும் கூடும். ஆகவே முதலில் இருப்பதைச் சரியாக்குங்கள், அடுத்து மீட்டர் பொருத்துங்கள், அப்புறம் கூலிங், பவர் கடைசி. பல லோரிகளுக்கு முதல் கட்டத்திலேயே குறை தீர்ந்துவிடும், செலவும் அங்கேயே நின்றுவிடும்.

காசு செலவழிக்குமுன் ஒரு காலைச் சோதனை

இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினில்தான் இதைச் செய்ய வேண்டும். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைந்து கிடக்கும் 110 டிகிரித் தண்ணீர், மூடி கழன்ற நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். நம்பாதீர்கள்.

முதலில் அந்த மூடியையே பாருங்கள். அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். பார் கணக்கில் அழுத்தம் அது. 0.9 மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியென்றால் 100-லேயே கொதிக்கும். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டரில் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே தாப்பாவில் நன்றாக இருந்த லோரி மேலே போனதும் கொதித்தது என்றால், முதல் சந்தேகம் இந்தச் சின்ன மூடியின் மேல்தான் விழ வேண்டும். மூடியின் அடியில், நடுவில் ஒரு சிறு பித்தளை வால்வு இருக்கும். நகத்தால் இழுத்துவிட்டால் அது துள்ளித் தன் இடத்தில் உட்கார வேண்டும். ஒட்டிக்கொண்டால், எஞ்சின் குளிரும்போது மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். மூடியைப் புதிதாக வாங்குங்கள், ஆனால் அதே அழுத்த எண்ணில். 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் பிளாஸ்டிக் தொட்டியின் ஓரம் பிளந்துகொள்ளும்.

அடுத்தது வெளிச்சம். ரேடியேட்டரின் எஞ்சின் பக்கம் கைவிளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். துடுப்புகளுக்கு நடுவே வெளிச்சம் சீராகத் தெரிய வேண்டும். தோட்டத்து லோரியில் கீழ்ப் பாதி பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும்: செம்மண் தூசி, செம்பனை நார், லாலாங் புல்லின் பஞ்சு எல்லாம் சேர்ந்து ஃபெல்ட் துணி போல ஒட்டியிருக்கும். எஞ்சின் மூச்சுக்குழாயிலிருந்து கசியும் ஆயில் ஆவிதான் இதற்குப் பசை. ஏர்கோன் கண்டென்சரோ, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோ முன்னால் நிற்கும் லோரியில் முன்பக்கம் பளிச்சென்று இருக்கும், அழுக்கு இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். கண்டென்சரின் போல்ட்டுகளைக் கழற்றி, கேஸ் ஹோஸைத் தொடாமல், நான்கு விரல் முன்னுக்குத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெல்ட்டை இரண்டு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். 10 முதல் 15 மி.மீ. இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் மேட்டில் பெல்ட் வழுக்கும், வாட்டர் பம்ப்பும் ஃபேனும் பின்தங்கும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலண்டின் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) பச்சையோ சிவப்போ கறை வடிந்திருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. பசை வைத்துத் துளையை அடைக்காதீர்கள், பம்ப்பை மாற்றுங்கள். கீழ் ஹோஸைப் பிசைந்து பாருங்கள். பம்ப் இழுக்கும் பக்கம் அது. மெத்தென்று இருந்தால் எஞ்சினை முறுக்கும்போது உள்ளுக்கு ஒட்டிக்கொண்டு தண்ணீரையே நிறுத்திவிடும். சில ஹோஸ்களுக்குள் கம்பிச் சுருள் இருப்பது இதைத் தடுக்கத்தான்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. மூடி இல்லாமல், தண்ணீர் கழுத்து வரை இருக்க, எஞ்சினைக் கிளப்புங்கள். ஆரம்பத்தில் ஓரிரு குமிழி வருவது இயல்பு. நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிகிற புகை தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். இன்னோர் அடையாளமும் உண்டு: மூடியைப் போட்டுக் கிளப்பிய ஒரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சூடேறாதபோதே, மேல் ஹோஸ் கல்லாக இறுகிவிடும். பட்டறையில் நீல நிறச் சோதனைத் திரவம் இருக்கும். புகை பட்டால் நிறம் மாறிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகும். அப்படி ஆனால் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள். கேஸ்கெட் போன எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பயனில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடாதீர்கள்

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று கேட்டுக் கழற்றிவிடும் போர்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் அது கெடுதலாக முடியும், காரணம் இது: அந்தத் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். எஞ்சின் சூடானதும் மேல் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதே அசைவில் அடித்தட்டு இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குறுக்கு வழியை மூட ஆளில்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்ப ஹெட்டுக்குள் போகும். சமதரையில் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து டீசல் வீணாகும், ஆயிலில் கசடு கட்டும். மேட்டிலோ கொதிக்கும்.

சோதிப்பது எளிது. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும் வேண்டும். தெர்மோஸ்டாட்டில் 76.5, 82, 88 என்று ஏதாவதோர் எண் இருக்கும். அந்தச் சூட்டுக்கு இரண்டு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, இன்னும் 10 முதல் 15 டிகிரி ஏறுவதற்குள் முழுசாகத் திறக்க வேண்டும். முழுத் திறப்பு பொதுவாக 8 முதல் 10 மி.மீ. பொருத்தும்போது அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சிறு ஊசியைக் கவனியுங்கள். அது மேல்பக்கம், கடிகாரத்தின் 12 இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அடைபட்ட காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். கீழ்ப்பக்கம் வைத்துவிட்டால் காற்று சிக்கி, புதுத் தெர்மோஸ்டாட்டும் கெட்டது போல நடந்துகொள்ளும்.

கழுவுதலும் கூலண்டும்

ரேடியேட்டரை வெளியே கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னுக்குத் தண்ணீர் விடுங்கள், அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகட்டும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகப் புதையும். கார் கழுவும் கடையின் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோனால் துடுப்புகள் மடங்கி, காற்று போகும் வழி நிரந்தரமாக அடைபடும். தோட்டக் குழாயின் சாதாரண வேகம் போதும். ஆயில் பசை இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தெளித்து, 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

உரம் ஏற்றும் லோரிக்குத் தனியாக ஒரு சொல். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு, அது அலுமினியத் துடுப்பை அரிக்கும். அம்மோனியா உரத்தூள் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். எந்த ரேடியேட்டராக இருந்தாலும் தப்ப முடியாது. உரம் இறக்கிய அன்றே கழுவிவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

உட்புறம் கழுவும் முறை:

1. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டரின் அடித்திருகையும் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் திருகையும் திறந்து, ஒரு தொட்டியில் பிடியுங்கள். பிளாக் திருகைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழுக்குத் தண்ணீரில் கணிசமான பங்கு உள்ளேயே நின்றுவிடும். வடிந்தது எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள்.

2. நல்ல தண்ணீர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடேறும் வரை ஓட்டி, குளிரவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். துருத் தண்ணீர் நிற்காவிட்டால் கடையில் விற்கும் ரேடியேட்டர் கழுவும் திரவத்தைப் போடலாம். அலுமினியத்துக்கு ஏற்றது என்று புட்டியில் எழுதியிருக்க வேண்டும். காரத்தூள் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

3. கலவை: கெட்டியான கூலண்ட் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு பங்கு. மொத்தம் 15 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 5 லிட்டர் கூலண்ட், 10 லிட்டர் தண்ணீர். பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் மிஞ்சுவதால் கூலண்டை முதலில் ஊற்றுங்கள். பனி உறையாத நம் நாட்டில் பாதிக்குப் பாதி கலப்பதில் லாபமில்லை. கூலண்ட் கூடக் கூடக் கலவை சூட்டைச் சுமக்கும் திறன் குறையும்.

4. மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் காற்று சிக்கும். லோரியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். மூடி இல்லாமல் சும்மா ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்து கொடுங்கள். மட்டம் இறங்க இறங்க நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி நின்றதும் மூடுங்கள்.

5. மறுநாள் காலை திறந்து பாருங்கள். கால் லிட்டர், அரை லிட்டர் இறங்கியிருந்தால் அது வெளியேறிய காற்று, நிரப்பினால் போதும். தினமும் இறங்கினால் கசிவு.

பச்சைக் கூலண்டையும் சிவப்புக் கூலண்டையும் கலக்காதீர்கள். மருந்து வேறுபட்டால் கூழ் போலத் திரண்டு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். ஓடைத் தண்ணீர், இரும்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் இரண்டும் வேண்டாம். வெறும் தண்ணீரில் ஓடும் டீசல் எஞ்சினில், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) அதிரும்போது அதன் வெளிச்சுவரில் குமிழிகள் உண்டாகி உடைந்து குழி விழும். கூலண்டில் உள்ள மருந்துதான் அதைத் தடுக்கிறது. வடித்த பழைய கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். லயத்து வீடுகளின் பக்கத்தில் கால்வாயில் ஊற்றினால் நாயும் ஆடும் கோழியும் குடித்துச் செத்துப்போகும். புட்டியில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

மீட்டர் இல்லாமல் எதையும் கூட்டாதீர்கள்

பல வண்டிகளில் டேஷ்போர்டு முள் ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. முள் நகர்ந்த நேரத்தில் காரியம் கெட்டிருக்கும். எண் காட்டும் தனி மீட்டர் போடுங்கள். மேல் ஹோஸை வெட்டி இடையில் பொருத்தும் இணைப்புக் குழாயில் சென்சர் உட்காரும். மேட்டில் 82 முதல் 95 வரை இயல்பு, 100-ல் அலாரம், 105-ல் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமானது இன்னொரு சென்சர்: ஹெட்டின் இரும்பிலேயே ஒரு போல்ட்டுக்கு அடியில் மாட்டுவது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுசும் போய்விட்டால் தண்ணீர் சென்சர் காற்றில் தொங்கும். சூடு குறைவதாகவே காட்டும். எஞ்சின் பிடித்துக்கொள்ளும் கடைசி நிமிடம் வரை மீட்டர் பொய் சொல்லும். இரும்பில் மாட்டிய சென்சர் அப்போதும் உண்மையைக் காட்டும். வழக்கமாக அது காட்டும் எண்ணைவிட 10 டிகிரி கூட்டி அலாரம் வையுங்கள். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள எஞ்சினில் பவர் கூட்டும் எண்ணம் இருந்தால் புகைச்சூட்டு மீட்டரும் வேண்டும். சூட்டை அளக்கும் கே வகை ஊசியை டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் துளையிட்டுப் பொருத்துவார்கள். துளையிடும்போது இரும்புத்தூள் டர்போவுக்குள் போனால் அதன் இறக்கை உடையும். மேனிஃபோல்டைக் கழற்றித் துளையிடச் சொல்லுங்கள்.

கூலிங்கைக் கூட்டுவது

விலை குறைந்த வேலையிலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டரின் நான்கு ஓரத்திலும் உடம்புக்கும் அதற்கும் இடையே இருக்கும் இடைவெளியை ஃபோம் பட்டையால் அடையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் தள்ளிய சூட்டுக்காற்றே சுற்றி வந்து திரும்ப முன்னால் நுழையும். நின்று டிப்பர் தூக்கும்போது இந்த வித்தியாசம் மீட்டரில் தெரியும். ஃபேன் கவர் உடைந்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். கவர் இல்லாத ஃபேன், தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் காற்றை மட்டும் இழுக்கும், மூலைகள் வீண். இறக்கையின் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கவருக்குள் இருக்க வேண்டும்.

முன் கிரில்லில் கூடுதல் விளக்கு, கம்பெனிப் பெயர்ப்பலகை, "முருகன் துணை" பலகை மாட்டியிருந்தால் காற்று நுழையும் இடத்தில் பாதி போய்விடும். பலகையைக் கேபின் தலைக்கு மேல் ஏற்றிவிடுங்கள். பார்வைக்கும் அதுதான் அழகு.

ஃபேன் கிளட்ச் உள்ள லோரியில் அதன் முகத்தில் சுருள் தகடு ஒன்று தெரியும். சூட்டுக்காற்று பட்டதும் அது திரும்பி, உள்ளே இருக்கும் சிலிக்கோன் ஆயிலை விட்டு ஃபேனை இறுக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கனமாக இருந்து உடனே நின்றால் நல்லது. மூன்று நான்கு சுற்று சும்மா ஓடினால் கிளட்ச் செத்துவிட்டது.

மெக்கானிக்கல் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் பவர் மிஞ்சும் என்று சொல்வார்கள். கார்களுக்குச் சரி. தோட்டத்து லோரிக்கு அந்த மாற்றம் ஆகாது. எஞ்சின் சுழற்றும் பெரிய ஃபேன் தேவைப்பட்டால் பல கிலோவாட் சக்தியை இழுத்துக்கொள்ளும். 250 வாட் எலக்ட்ரிக் ஃபேன் அந்தக் காற்றைத் தர முடியாது. இருப்பதோடு கூடுதலாக ஒன்றை முன்னால் மாட்டலாம். 24 வோல்ட்டில் 250 வாட் என்றால் சுமார் 10 ஆம்பியர்: 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, 4 சதுர மி.மீ. வயர். ரிலே இல்லாமல் சுவிட்ச் வழியாகவே கரண்ட் கொடுத்தால் சுவிட்ச் உருகும். பேட்டரி 12-ஆ 24-ஆ என்று பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் ஒரு காகிதத்தை முன்னால் காட்டுங்கள். ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து முகத்துக்கு வந்தால் காற்று எதிர்த்திசையில் ஓடுகிறது. தள்ளும் ஃபேனா இழுக்கும் ஃபேனா என்பதையும் வயர் மாறிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்பும் சூடு அடங்காவிட்டால்தான் பெரிய ரேடியேட்டர். பழைய செம்புப் பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்து, புதுக் கோர் வைத்து, ஈயம் ஊற்றித் தருவார்கள். பழைய வண்டிப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் பெரிய மாடலின் ரேடியேட்டர் தேடுபவர்கள் கோரின் உயரம், அகலம், தடிமன், ஹோஸ் வாயின் குறுக்களவு நான்கையும் அளந்து கொண்டுபோக வேண்டும். குழாய் வரிசை கூடினால் எல்லாம் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பின்வரிசைக்குப் போவது முன்வரிசையில் ஏற்கெனவே சூடான காற்று. நான்காவது வரிசை மூன்றாவது அளவுக்கு உழைக்காது, காற்றையும் அதிகமாகத் தடுக்கும். தோட்டத்துக்கு இன்னொன்று: துடுப்பு நெருக்கமான கோரை வாங்காதீர்கள். ஓர் அங்குலத்துக்கு 10 முதல் 12 துடுப்பு உள்ள கோர் காகிதக் கணக்கில் சற்றுப் பின்தங்கினாலும் தூசியில் அடைபடாமல் நிற்கும், கழுவவும் சுலபம். ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. விடுங்கள். பள்ளத்தில் விழும்போது எஞ்சின் முன்னுக்கு ஆடும். அடியில் ரப்பர் தாங்கிகள் கட்டாயம். இரும்போடு இரும்பாக முடுக்கினால் செம்மண் பாதையின் அதிர்வில் தொட்டி விரிசல் விடும்.

பவர்: முதலில் தொலைந்ததைத் திரும்பப் பெறுங்கள்

பழைய லோரியில் "பவர் இல்லை" என்பது பெரும்பாலும் இருந்த பவர் தொலைந்ததுதான். ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உட்சுவரில் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் சிவப்புத் தூசி ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டி மண் போகிறது. டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் அதே தூசிதான் அரைக்கிறது. கிளிப்பையும் குழாயையும் மாற்றியபிறகே மற்ற வேலை. ஏர் ஃபில்டருக்குக் காற்று நுழையும் குழாயின் தலையில் காற்றைச் சுழற்றித் தூசியை ஒதுக்கும் கிண்ணம் வைப்பது தோட்டத்துக்கு மிக நல்ல முதலீடு. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்கள் நுண்தூசியை அதிகம் விடும். செம்மண் பாதைக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம். காகித ஃபில்டரைத் தரையில் தட்டாதீர்கள், அதன் ஓரம் நெளிந்தால் சீல் பிடிக்காது.

அடுத்து டீசல் ஃபில்டர், நீர் பிரிப்பான். நம் நாட்டில் போக்குவரத்து டீசல் 2019-ல் பி10 ஆனது, அதாவது பத்தில் ஒரு பங்கு செம்பனை டீசல். அது ஈரத்தை இழுக்கும், பழைய தொட்டியின் கசடையும் கரைத்துக் கொண்டுவரும். வாரம் ஒருமுறை நீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். வால்வ் இடைவெளி பல ஜப்பானிய சிறு லோரிகளில் குளிர்ந்த நிலையில் 0.40 மி.மீ.; உங்கள் எஞ்சினுக்கு உரிய புத்தகத்தின் எண்ணே முடிவு. இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதனை மேசையில் தெளிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று ஒழுகினாலும் பிஸ்டன் தலை சுடும்.

இதற்குப் பிறகும் பவர் வேண்டும் என்றால், உங்களுடையது எந்த எஞ்சின் என்பதே கேள்வி. மிட்சுபிஷி 4டி33, இசூசு 4எச்எஃப்1 இரண்டுக்கும் டர்போ இல்லை. பம்ப் திருகை முறுக்கினால் டீசல் கூடும், காற்று கூடாது. எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், மிச்சம் சிலிண்டரில் வழிந்து ஆயிலை நீர்க்க வைக்கும். இந்த எஞ்சின்களில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. 4டி34 போன்ற டர்போ எஞ்சினில் சிறிதளவு கூட்ட இடமுண்டு. பம்ப்பைக் கழற்றிச் சோதனை மேசையில் அளந்து கூட்ட வேண்டும், ரோட்டோரத்தில் அரைச் சுற்று, கால் சுற்று என்று போகக்கூடாது. மேட்டில் தொடர்ந்து ஏறும்போது புகைச்சூடு 650 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 700 தொட்டால் மிதியைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள்.

4எச்கே1 போன்ற, கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் எஞ்சினுக்கு வயரில் செருகும் மலிவான சிப் பெட்டி விற்கிறார்கள். பெரும்பாலானவை ரெயில் அழுத்தம் குறைவு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி அழுத்தத்தைக் கூட்ட வைப்பவை. இன்ஜெக்டர் அதற்கு விலை கொடுக்கும். செய்தே ஆக வேண்டும் என்றால் பவரை அளக்கும் டைனோ உள்ள இடத்தில் கம்ப்யூட்டர் மென்பொருளையே திருத்தச் சொல்லி, 10 விழுக்காட்டோடு நிறுத்துங்கள். கிளட்சும் கியர்பாக்ஸும் அதே பழையவைதான் என்பதை மறக்க வேண்டாம்.

இன்டர்கூலரைப் பற்றிச் சுருக்கமாக: உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு கூடும். நல்ல மாற்றம்தான். ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதற்குப் போகும் காற்றைச் சுடவைக்கும். தோட்டத்து வேகத்தில் அது தண்ணீர்ச் சூட்டில் தெரியும். பக்கவாட்டில் தனி ஃபேனோடு வைக்க முடிந்தால் வையுங்கள்.

சட்டம்: வணிக லோரிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. 1996-ஆம் ஆண்டு டீசல் புகை விதிகளின்படி வரம்பு 50 ஹார்ட்ரிஜ் அலகு (புகையின் கருமையை அளப்பது). கரும்புகை கக்கும் லோரி அங்கே நிற்கும். எஞ்சினையே மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும். பவர் கூடியதால் பதிவில் உள்ள பிடிஎம் எடை (பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை) கூடிவிடாது; பிரேக்கும் அச்சும் பழைய எடைக்குச் செய்தவை.

சோதனை ஓட்டம்

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பாரத்தோடு, ஒரே மேட்டில், ஒரே கியரில் ஏறிப் பாருங்கள். நம் பக்கத்துக்குத் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் பழைய பாதையைவிட நல்ல சோதனை கிடையாது. தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுகளில் இரண்டாம் கியர். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் ஓர் எண், ரிங்லெட்டில் ஓர் எண், உடன் வருபவர் எழுதட்டும். வெளிக்காற்றின் சூட்டையும் எழுத வேண்டும். தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்தபின் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய மாறாது. விடியற்காலை 25 டிகிரியில் 93 காட்டிய லோரி, மதியம் 35-ல் அதே பாரத்துக்கு 103 பக்கம் போகும். காலையில் நன்றாக ஏறியது என்று மதியத்துக்கும் சேர்த்து நம்பி விடாதீர்கள்.

வழியில் 105 தொட்டால் ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, ஏர்கோனை அணைத்து, 1,200 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓடவிடுங்கள், ஃபேன் சூட்டை இழுக்கட்டும். ஆவி அடித்தாலோ தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரை எஞ்சின் மேலோ உள்ளேயோ ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டுமே என்று தவிப்பாக இருக்கும். இன்னொரு லோரியைக் கூப்பிட்டு மாற்றி ஏற்றுவது ஹெட் வேலையைவிட மலிவு.

திரும்பி வந்த மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில், புதிதாகப் போட்ட ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்குங்கள். ரப்பர் முதல் சூட்டில் இளகி உட்காரும், கிளிப் தளர்ந்திருக்கும். பிறகு ஸ்பேர் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதிவிடுங்கள்.